பெரியக்கா கேட்ட ஒரு பத்தி

பெரியக்கா யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. யாராவது அவரை மட்டம்தட்டிப் பேசினால், மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே, "இருக்கட்டும்" என்பார். விவரம் தெரியாதவர்கள், பெரிய மனுஷி, விட்டுக்கொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். கம்பெனியின் பழைய ஆட்களுக்குத்தான் அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். "இந்தாளு கத முடிஞ்சிச்சி" என்று தங்களுக்குள் மெதுவாகப் பேசிக்கொள்வார்கள்.

ஐஸ் ஃபேக்டரிக்காரர் ஒருவரின் கதையை நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். கம்பெனி சின்னதாக இருந்த காலத்தில், ஐஸ் கேட்டுப் போன பெரியக்காவை அந்த மனிதர் உள்ளே கூப்பிடாமல், லாரி நிற்கிற வெட்டவெளியில் வெயிலில் நிற்க வைத்தாராம். "ஆம்பளைங்க யாராச்சும் வந்தா பேசிக்கலாம்மா" என்றாராம். பெரியக்கா "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, நின்றே ஐஸ் வாங்கிக்கொண்டு வந்தார். சில வருடங்கள் கழித்து அதே மனிதர் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தபோது, முற்றத்தின் நடுவில் நிழலே விழாத இடத்தில் ஒரு நாற்காலி போடச் சொன்னார் பெரியக்கா. தட்டில் பழம், காப்பி, எல்லா மரியாதையும் உண்டு. தான் வராந்தா நிழலில் உட்கார்ந்துகொண்டு, மாப்பிள்ளை என்ன படிப்பு, சம்பந்தி எந்த ஊர், சமையலுக்கு யார் என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். மனிதர் வேர்வையைத் துடைத்துத் துடைத்துப் பதில் சொன்னார். அவர் எழுந்து கிளம்பும்போது பெரியக்கா, "வெயிலு ஜாஸ்தியா இருந்துச்சோ? எனக்கும் அன்னைக்கி அப்படித்தான் இருந்துச்சி" என்றாராம். பிறகு அந்தக் கல்யாணத்துக்கு முதல் ஆளாகப் போய் மொய் எழுதிவிட்டும் வந்தார். கணக்கு தீர்ந்துவிட்டால் அவருக்குப் பகை கிடையாது.

நான் 2004-ல் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். கடலூர் முதுநகரில், உப்பனாற்றுக்குப் பக்கத்தில், இறால் வாங்கிச் சுத்தம் செய்து உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற கம்பெனி. மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கம்பெனி செகரட்டரி என்பது என் வேலையின் பெயர். போர்டு மீட்டிங் நடத்துவது, தீர்மானங்கள் எழுதுவது, சட்டப்படி அனுப்ப வேண்டியதை அனுப்புவது. அந்தப் பரீட்சையைப் பல தடவை எழுதித் தேறியவன் என்பதால், அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

பெரியக்கா முதலாளியின் அக்கா. அவர்களுடைய அப்பா தொடங்கிய வியாபாரம். சாகும் முன்பு கம்பெனியில் ஆறில் ஒரு பங்கை மகள் பெயரில் எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆனால் அக்காவின் உரிமை அந்தப் பங்கோடு நிற்கவில்லை. கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கத்துப் பண்ணைகளில் இறால் வாங்கியது அவர்தான். புருஷன் போனபிறகும் சிதம்பரத்தில் புருஷன் வீட்டிலேயே தனியாக இருந்துகொண்டு, வாரத்தில் பாதி நாள் கடலூருக்கு வந்து ஷெட்டில் நிற்பார். இறால் தோலை உரிக்கிற பெண்கள் எல்லோரும் அவரைத்தான் முதலாளி என்று நினைத்திருந்தார்கள். அவர்களுக்கு மேல் கண்காணியாக ஒரு அம்மா இருந்தார். சோனங்குப்பத்துக்காரர். அவரும் பெரியக்காவும் ஒரே தூக்குவாளியிலிருந்து பகிர்ந்து சாப்பிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

2006 தேர்தலுக்குப் பிறகு எல்லாம் மாறியது. முதலாளியின் ஒரே மகனுக்கு வேறு மாவட்டத்து அமைச்சர் ஒருவரின் வீட்டில் பெண் எடுத்தார்கள். கல்யாணம் முடிந்த சில மாதங்களில் உப்பனாற்றங்கரையில் அரசுப் புறம்போக்கு நிலம் படகுத்துறைக்காகக் கம்பெனிக்குக் குத்தகைக்கு வந்தது. வருடக்கணக்காகக் கேட்டும் வராத உயர் அழுத்த மின் இணைப்பு வந்தது. பதிலுக்கு அமைச்சரின் மனைவியின் தம்பி கம்பெனிக்குள் வந்தார். அவருக்கும் அவர் கைகாட்டிய சொந்தக்காரர்களுக்கும் புதிதாகப் பங்குகள் கொடுக்கப்பட்டன. அடிமட்ட விலை. முதலாளி வேண்டாம் என்றதால் பெரியக்காவுக்கு அந்தக் கூட்டத்துக்கான நோட்டீஸே போகவில்லை.

டைரக்டர்கள் முறைவைத்து ஓய்வுபெற வேண்டும் என்பது விதி; அதே வருடம் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அது பெரியக்காவின் முறை. வழக்கமாக அன்றே திரும்பவும் நியமித்துவிடுவார்கள். இந்த முறை அவர் பெயரை யாரும் முன்மொழியவில்லை. அமைச்சரின் மச்சினர் பெயரை முன்மொழிந்தார்கள். பெரியக்கா மேஜையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி கூரையைப் பார்த்தார்.

"அக்கா, உனக்கும் வயசாவுது. பஸ்ல அலையாத. வூட்ல ரெஸ்ட் எடு" என்றார் கடைசியில்.

மச்சினர் சிரித்துக்கொண்டே, "எறா நாத்தத்துல எத்தினி நாளைக்கித்தான் நிப்பாங்க, பாவம்" என்றார்.

பெரியக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"இருக்கட்டும்" என்றார்.

அன்று ஷெட்டுக்குக்கூடப் போகாமல் நேராக பஸ் ஏறிவிட்டார். கண்காணி அம்மா தூக்குவாளியோடு வாசல்வரை ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

மச்சினரைப் பற்றி நான் நடுநிலையாக எழுத முடியாது, எழுதவும் போவதில்லை. அவர் கலந்துகொண்ட முதல் போர்டு மீட்டிங்கில் முதலாளி என்னை அவருக்கு அறிமுகம் செய்து வைத்தார். "மச்சான், இவுருதான் நம்ம செகரட்டரி."

"செகரட்டரின்னா சிகரெட்டு வாங்கியாறவன்தான?" என்று கேட்டு, சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து என் பக்கம் நீட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் முதலாளியைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான் போய் வாங்கி வந்தேன். அதன்பிறகு ஒவ்வொரு மீட்டிங்கிலும் வாங்கி வந்தேன். மீதிச் சில்லறையை "வச்சிக்க" என்பார். நான் மேஜையில் வைத்துவிடுவேன். அவர் அதைப் பார்த்து இன்னொரு தடவை சிரிப்பார்.

அந்தக் காலத்தில் பங்குச் சந்தை ஏறிக்கொண்டே இருந்தது. எந்தக் கம்பெனி பங்கு விற்க வந்தாலும் ஜனங்கள் வரிசையில் நின்று விண்ணப்பம் போட்டார்கள். கம்பெனியைச் சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்ற யோசனையை முதலில் சொன்னது மச்சினர்தான். அடிமட்ட விலைக்கு வாங்கி வைத்திருப்பதைச் சந்தை விலைக்கு விற்க வேறு வழி அவருக்குக் கிடையாது. முதலாளிக்கும் ஆசை. தன் பெயர் பேப்பரில் வர வேண்டும், பம்பாய்ப் பங்குச் சந்தையில் மணி அடித்து விற்பனையைத் தொடங்கி வைக்க வேண்டும்.

பங்கு வெளியீட்டை நடத்திக்கொடுக்க சென்னையிலிருந்து ஒரு பேங்கர் வந்தார். நல்ல படிப்பாளி, பயந்த சுபாவம். எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு முதலாளியிடம் கேட்டார்.

"உங்க சிஸ்டருக்கு ஆறுல ஒரு பங்கு இருந்திருக்கு. புதுசா ஷேர் கொடுத்தப்ப அவங்களுக்கு நோட்டீஸ் போகல. நாளைக்கு அவங்க கோர்ட்டுக்குப் போனா இஷ்யூ நின்னுடும் சார். அவங்க சம்மதம் எழுத்துல வேணும்."

"எங்கக்காதான? போடுவாங்க" என்றார் முதலாளி. என்னைச் சிதம்பரத்துக்கு அனுப்பினார்.

மேலவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பெரியக்காவின் வீடு. என்னை உள்ளே உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். நான் கொண்டுபோன காகிதங்களை ஒரு பக்கம் விடாமல் படித்தார். கூடவே பிராஸ்பெக்டஸின் வரைவும் இருந்தது. பங்கு விற்க வருகிற கம்பெனி, தன்னைப் பற்றிய நல்லது கெட்டது எல்லாவற்றையும் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்லி அச்சடிக்க வேண்டிய தடிப் புத்தகம் அது. அவர் அதில்தான் நிறைய நேரம் நின்றார்.

"செகரட்ரி, அந்த மச்சினன் பேர் எங்க?"

"பங்குதாரர் பட்டியல்ல இருக்குக்கா."

"அமைச்சரு மச்சினன்னு போட்டிருக்கா?"

"இல்லக்கா. தொழிலதிபர்னு போட்டிருக்கு."

"என்னா தொழிலு?"

நான் காப்பி டம்ளரைப் பார்த்தேன்.

"சொல்லு செகரட்ரி. என்னா தொழிலு பண்றாரு?"

"சிகரெட்டு குடிக்கிறாரு."

பெரியக்கா வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு காகிதங்களை அடுக்கி என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "கையெழுத்து வேணும்னா என் தம்பிய வரச்சொல்லு. காப்பி ஆறுது பாரு."

முதலாளி பத்து நாள் வராமல் இழுத்தடித்தார். பேங்கர் நெருக்கினார். சந்தை சூடாக இருக்கும்போதே போக வேண்டும், தள்ளிப்போனால் விலை இறங்கிவிடும் என்றார். கடைசியில் முதலாளி பழமும் பட்டுப்புடவையுமாகக் கிளம்பினார். நானும் பேங்கரும் கூடப் போனோம்.

"என்னக்கா, இன்னும் என்மேல கோவமா?"

"கோவம் என்னாத்துக்கு? உக்காரு. சாப்ட்டியா?"

சாப்பாடு போட்டார். தம்பிக்குப் பிடித்த வாழைப்பூ வடை செய்திருந்தார். முதலாளி தெம்பாகிவிட்டார். கை கழுவிவிட்டு வந்ததும் பேனாவை நீட்டினார்.

பெரியக்கா பேனாவை வாங்காமல் சொன்னார். "போடறேன். எனக்கு ஒரே ஒரு பத்தி வேணும். அந்தப் புஸ்தகத்துல, வாங்கறவங்களுக்கு என்னென்ன ஆபத்து இருக்குன்னு ஒரு பகுதி வருதே, அதுல."

"என்னா பத்தி?"

"ஆத்தங்கர நெலம் எப்படி வந்துச்சி, கரெண்டு எப்படி வந்துச்சி, யாரு மந்திரியா இருக்கறதால வந்துச்சி. அவுரு மச்சினனுக்கும் சொந்தக்காரங்களுக்கும் எவ்ளோ ஷேரு, என்னா வெலைக்கிக் குடுத்த. அவுரு பதவியில இல்லன்னா இதெல்லாம் போனாலும் போயிடும். அவ்ளோதான். உள்ளத உள்ளபடி."

முதலாளி முகம் கருத்துவிட்டது. "வெளயாடறியா? சம்பந்தி பேர எப்படிக்கா போட முடியும்?"

"ஊராங்கிட்ட காசு கேக்கற இல்ல? உள்ள என்னா இருக்குன்னு சொல்லிட்டுக் கேளு."

"அந்தப் புஸ்தகத்தயெல்லாம் எவன் படிக்கிறான்? ஐந்நூறு பக்கம், இங்கிலீஷு. ஒருத்தனும் தொறக்க மாட்டான்."

"ஒருத்தனும் படிக்க மாட்டான்னா, எழுதறதுல உனக்கு என்னா கஷ்டம்?"

முதலாளி பேங்கரைப் பார்த்தார். பேங்கர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "சட்டப்படி பார்த்தா சொல்றது நல்லதுதான் சார். நாளைக்கு மறைச்சோம்னு யாரும் கேக்க முடியாது. நமக்கும் பாதுகாப்பு" என்றார். தன் கழுத்துக்குப் பாதுகாப்பு என்பதைத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

அமைச்சர் வீட்டில் இதை எப்படிச் சொல்லிச் சம்மதிக்க வைத்தார்களோ தெரியாது. மச்சினருக்குப் பணத்தின்மேல் அவசரம். வேறு கம்பெனிகளும் இப்படி நூறு ஆபத்துகளைப் போட்டு நிரப்பித்தான் அச்சடிக்கின்றன, எவனும் கண்டுகொள்வதில்லை என்று அவரே சொன்னதாகக் கேள்வி. அந்தப் பத்தியை எழுதும் வேலை என்னிடம் வந்தது. என் வேலைக்காலத்தில் அவ்வளவு ஆசையாக எழுதியது வேறெதுவும் இல்லை. வாக்கியங்களைச் சின்னதாக வைத்தேன். உறவுமுறையைப் பூசி மெழுகாமல் எழுதினேன். அரைகுறை இங்கிலீஷ் தெரிந்தவனும் ஒரே வாசிப்பில் புரிந்துகொள்ள வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகச் செதுக்கினேன். பெரியக்கா படித்துப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தையும் மாற்றாமல் எல்லாக் காகிதத்திலும் கையெழுத்துப் போட்டார்.

முதலாளி சொன்னதுதான் நடந்தது. யாரும் படிக்கவில்லை. விற்க வைத்ததைப்போலப் பல மடங்கு விண்ணப்பங்கள் வந்தன. தொழிலாளர்களுக்கென்று கொஞ்சம் பங்கு தனியாக ஒதுக்கியிருந்தார்கள். ஷெட்டிலேயே முகாம் போட்டு, பெண்கள் கையுறையைக் கழற்றிவிட்டு வரிசையாக வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள், பான் கார்டுக்கு. "நீங்களும் இனிமே மொதலாளிதான்" என்று முதலாளி மைக்கில் சொன்னார். சம்பளத்தில் பிடித்துக்கொள்வதாகச் சொன்னதால் நிரந்தரமாக இருந்த பெண்கள் எல்லோருமே வாங்கினார்கள். கண்காணி அம்மா கழுத்திலிருந்ததை அடகு வைத்துக் கூடுதலாகவே வாங்கினார்.

பம்பாயில் மணி அடித்த அன்று நானும் போயிருந்தேன். முதலாளி, மகன், மச்சினர் மூவரும் மாலையோடு நின்றார்கள். முதல் நாளே விலை எகிறியது. முதலாளி அங்கிருந்தே சிதம்பரத்துக்குப் போன் போட்டார்.

"பாத்தியாக்கா? அந்தப் பக்கத்த ஒரு பய தொறக்கல!"

கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு போனை வைத்தார். "என்னா சொன்னாங்க தெரியுமா? இருக்கட்டும்னாங்க" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது வருடமாக அக்காவோடு இருந்தவருக்கு அந்த வார்த்தை புரியவில்லை.

பழைய பங்குதாரர்கள் ஒரு வருடத்துக்கு விற்கக் கூடாது என்று விதி இருந்தது. அந்த ஒரு வருடம் முடிவதற்குள் உலகம் முழுக்கச் சந்தை சரிந்துவிட்டது. மச்சினர் அந்த விலைக்கு விற்க மனசில்லாமல், ஏறும் ஏறும் என்று காத்திருந்தார். அரைகுறையாக ஏறியது, இன்னும் ஏறட்டும் என்று காத்திருந்தார். நான் சிகரெட் வாங்கிக்கொண்டே அவர் காத்திருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடங்களில் நான் மாதம் ஒருமுறையாவது சிதம்பரம் போய்விடுவேன். பெரியக்கா என்னை எதுவும் விசாரிக்க மாட்டார். நானே சொல்வேன். மச்சினர் டிரைவரை அடித்தது, படகுத்துறையில் அவர் ஆட்கள் தனியாக வசூல் செய்வது, முதலாளியையே அவர் வாசலில் காக்க வைத்தது. "உக்கார வச்சானா, நிக்க வச்சானா?" என்று மட்டும் கேட்பார். நிற்க வைத்தார் என்றேன் ஒருமுறை. தட்டில் இன்னொரு தோசை விழுந்தது.

2011-ல் தேர்தல் வந்தது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் எதிர்க்கட்சிக் கூட்டம். வக்கீல் ஒருவர் மேடையேறி, கையிலிருந்த தடிப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இது நான் சொல்லல. அவுங்க கம்பெனியே அச்சடிச்சி வித்த புஸ்தகம். அமைச்சர் பதவியில இருக்கறதாலதான் இந்த நெலம் கெடச்சிதுன்னு அவுங்களே ஒத்துக்கிட்டு எழுதியிருக்காங்க! படிக்கட்டுமா?"

படியுங்கள் என்று கூட்டம் கத்தியது. நான் எழுதிய வாக்கியங்கள் ஒவ்வொன்றாகத் தமிழில், ஒலிபெருக்கியில், கடலூர் முழுக்கக் கேட்டன. நான் கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டேன். நல்ல மொழிபெயர்ப்பு. அந்தப் புத்தகம் அவர் கைக்கு எப்படிப் போனது என்று பிறகு பலபேர் கேட்டார்கள். அது யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கக்கூடிய புத்தகம். எடுத்துப் படி என்று ஒரு வார்த்தை சொல்ல ஆள் இருந்தால் போதும். அந்த வக்கீலின் மாமியார் வீடு சிதம்பரத்தில், பெரியக்கா வீட்டுச் சந்திலேயே இருந்தது.

ஆட்சி மாறியது. குத்தகை ரத்தானது. விசாரணை வந்தது. படகுத்துறையை நம்பிக் கடன் கொடுத்திருந்த வங்கி கழுத்தைப் பிடித்தது. பங்கு விலை ஒரு டீக்கும் வடைக்கும் சமமாக வந்து நின்றது. பதவி போன அமைச்சரின் வீட்டில் முதலாளிமேல்தான் ஆத்திரம். "உன் கம்பெனி புஸ்தகத்துலதான்டா எங்க மானம் போச்சி" என்று மச்சினர் ஆபீஸ் ஹாலில் எல்லோர் முன்னாலும் முதலாளியைப் பார்த்துக் கத்தினார். அன்று அவர் கிளம்பும்போது வழக்கம்போல என் பக்கம் கையை நீட்டினார். "கட தெரு முனையில இருக்கு சார்" என்று சொல்லிவிட்டு நான் என் வேலையைப் பார்த்தேன்.

அந்த வருடப் பொதுக்கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முதலாளியை மறுபடி மேனேஜிங் டைரக்டராக நியமிப்பது அன்றைய தீர்மானங்களில் ஒன்று. பொதுமக்களுக்கு விற்றதில் அவருடைய சொந்தப் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே போயிருந்தது. சம்பந்தி வீட்டுப் பங்கு கூட நிற்கும் என்ற தைரியத்தில்தான் அத்தனை வருடம் இருந்தார். பெரியக்கா காலை பஸ்ஸில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஷெட்டுப் பெண்கள் பின்னால் கூட்டமாக. அவர்களும் பங்குதாரர்கள்தானே. ஒரு பங்குக்கு ஒரு ஓட்டு என்று வாக்கெடுப்பு நடந்தது. பெரியக்கா எதிர்த்துப் போட்டார். அவரைப் பார்த்து ஷெட்டுப் பெண்கள் எதிர்த்துப் போட்டார்கள். வயிறெரிந்து வந்திருந்த வெளியூர்க்காரர்கள் எதிர்த்துப் போட்டார்கள். மச்சினர் அமைச்சர் குடும்பத்தின் மொத்தப் பங்குகளையும் எதிராகப் போட்டார்.

முடிவை எண்ணி அறிவிக்கிற வேலை எனக்கு. நிதானமாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி படித்தேன். முதலாளிக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் எழுந்து மைக்கைப் பிடுங்கினார்.

"அந்தப் பத்திய எழுத வச்சதே இவதான்! எங்கக்கா! கையெழுத்துப் போடாம என்ன மெரட்டி எழுத வச்சா. ஷேரு ஒரு நாள் இப்படித்தான் வுழும்னு மொத நாளே இவளுக்குத் தெரியும். இவ பேச்சக் கேட்டு ஓட்டுப் போட்டீங்களே, உங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னாளா?"

பெரியக்கா திரும்பிப் பார்க்காமல் எழுந்து, பையை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். முதுகு நேராக இருந்தது. நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன். ஷெட்டுப் பெண்கள் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வருடம் ஆந்திராக்காரர்கள் கம்பெனியை வாங்கினார்கள். வாசலில் இருந்த முதலாளி குடும்பத்தின் பெயர்ப்பலகையை இறக்கிய அன்று, அந்தச் செய்தியை நேரில் சொல்லி அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நான் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன்.

பெரியக்கா கேட்டுக்கொண்டார். "தம்பி பாத்துக்கிட்டு இருந்தானா?"

"கார்ல உக்காந்து பாத்தாருக்கா."

தலையை ஆட்டினார். முகத்தில் நிறைவு இருந்தது. உள்ளே போய் எனக்கு இனிப்பு எடுத்துவந்தார். அப்போதுதான் வாசலில் கண்காணி அம்மா வந்து நின்றார். கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் இருந்தது.

"வா வா. எத்தினி நாளாச்சி! உள்ள வா" என்று பெரியக்கா எழுந்தார்.

"இல்லக்கா. ஒன்னு கேட்டுட்டுப் போயிடறேன்." படியில் கால் வைக்கவில்லை. "அன்னைக்கி நான் போன் பண்ணி, ஷேரு தராங்களே, வாங்கலாமாக்கான்னு கேட்டேன். நீ என்னா சொன்ன, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. ஒன் இஷ்டம்னு சொன்னேன்."

"ஒனக்குத் தெரியும்ல, இது இப்படித்தான் ஆவும்னு?"

பெரியக்கா பொய் சொல்லவில்லை. "தெரியும்."

"வேணாம்டின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"ஒங்கிட்ட சொன்னா நீ ஷெட்டு பூரா சொல்லுவ. ஷெட்டுல ஒருத்தியும் வாங்கலன்னா என் தம்பி உஷாராயிருப்பான். புஸ்தகம் அச்சுக்குப் போறதுக்குள்ள அந்தப் பத்திய எடுத்திருப்பான்."

கண்காணி அம்மா அவரைப் பார்த்தார். பிறகு என்னையும் பார்த்தார்.

"அவுரு ஒன்ன போர்டுலேந்து எடுத்தாரு. நாங்க என்னாக்கா பண்ணோம் ஒனக்கு?"

பெரியக்கா கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நான் குடுத்துடறேன். எல்லாருக்கும். போட்டத அப்படியே குடுத்துடறேன்" என்றார்.

"காசுக்கா வந்தேன்? வச்சிக்க" என்று சொல்லிவிட்டு கண்காணி அம்மா திரும்பி நடந்தார். சந்து முனை தாண்டி மறைந்துவிட்டார்.

பெரியக்கா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "வெயில்ல போறா. பஸ் ஏறிட்டாளான்னு பாத்துட்டு வா" என்றார்.

நான் வேகமாக நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். கூட்டத்தில் தேடி, கடலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தேன். கிட்டப் போய்க் கையைத் தூக்கினேன். பார்த்தார். பார்த்துவிட்டு முகத்தை நேராக வைத்துக்கொண்டார். பஸ் கிளம்பியபோதும் திரும்பிப் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது பெரியக்கா அதே இடத்தில் நின்றிருந்தார்.

"ஏறிட்டாளா?"

"ஏறிட்டாங்க."

"திரும்பிப் பாத்தாளா?"

"இல்லக்கா."

பெரியக்கா சந்து முனையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நானா இருந்தாலும் பாத்திருக்க மாட்டேன்."